விழறதுக்கு ஒரு ஆள்

அந்தப் பையைக் கீழ வெக்காதீங்க, பஸ்ல தரையெல்லாம் ஈரமா இருக்குது. இப்பிடிக் குடுங்க, என்ற மடியில வெச்சுக்கறேன். என்ற பைக்கு எடையே இல்லீங்க, உள்ள துணிதான் இருக்குது. எனக்கு ஒரு செட்டு, என்ற சம்சாரத்துக்கு ஒரு செட்டு. ரெண்டும் வெள்ளை. இஸ்திரி போட்டது, மேல வெச்சா எவனாச்சும் மூட்டையைத் தூக்கி அது மேல போட்டுருவான். நீங்க எதுவரைக்கும்? வையப்பமலைங்களா. நான் ராசிபுரம். அவளைக் கூட்டிட்டு வரத்தான் போறேன். அவங்க அக்கா வீட்டுல இருக்கா.

கராத்தே இல்லீங்க. இந்தத் துணியைப் பாத்தா எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. இது ஐக்கிடோ. இதுவும் ஜப்பான்காரன் கலைதான், ஆனா இதுல அடி உதையெல்லாம் கிடையாது. எதிராளி உங்க மேல வர்றானா, அவன் வர்ற வேகத்தையே எடுத்து அவனைச் சுத்தி உட்டர்றது. உங்க மணிக்கட்டைப் பிடிச்சான்னு வெச்சுக்குங்க. நாம இழுக்கறதில்ல. அவன் கூடவே போயி ஒரு திருப்பு, அவ்வளவுதான், மல்லாக்க விழுவான். அவனுக்கும் அடிபடாது, நமக்கும் அடிபடாது. நொம்ப மரியாதையான கலைங்க. நான் சென்னிமலையில ஒரு பள்ளிக்கூடத்துல லேப் அசிஸ்டென்ட். சாயங்காலமானா ஒரு ஜமுக்காளக் கடை மாடியில கிளாஸ் எடுக்கறேன். எடுத்துக்கிட்டு இருந்தேன்.

இந்தக் கலையில ஒரு சங்கதி என்னன்னா, தனியா ஒருத்தன் பழக முடியாது. ஒருத்தர் செய்யோணும், ஒருத்தர் விழோணும். விழறதுன்னா சும்மா தொப்புன்னு விழறதில்லீங்க. தலை படாம, தோள் மேல உருண்டு, அப்பிடியே எந்திரிச்சு நிக்கோணும். பிடி போட்டு அமுக்கறப்ப வலிச்சா பாயைக் கையால தட்டோணும். தட்டினா உட்டுரோணும். மொத நாளே இதைத்தான் சொல்லிக் குடுப்பேன். பேர் என்ன, எந்த ஊருன்னு கேக்கறதுக்கு முந்தி இதைச் சொல்லிருவேன்.

கிளாஸ் ஆரம்பிச்சப்ப ஒருத்தரும் வரல. ரப்பர் பாயெல்லாம் வாங்கிப் போட்டாச்சு, விழ ஆளில்ல. அப்பத்தான் வசந்தாமணியை, அதான் என்ற சம்சாரம், நீ வந்து பிடின்னேன். அவ அதுவரைக்கும் சுடிதாரே போட்டதில்ல. மாடிக்கதவைச் சாத்திட்டுப் பழகினோம். ஆரம்பத்துல தோளெல்லாம் கன்னிப்போயிரும், தேங்காயெண்ணெயைச் சூடு பண்ணித் தடவிக்குவா. அப்பறம் சரியாயிருச்சு. அப்பறம் அவ விழற அழகு இருக்குதே, அதைப் பாக்கறதுக்குன்னே பசங்க சேந்தாங்க. தொட்டா விழுவா. சில சமயம் நான் தொடறதுக்கு முந்தியே விழ ஆரம்பிச்சிருவா. அவ்வளவு நுணுக்கம். என் கை எங்க வருதுன்னு அவ ஒடம்புக்குத் தெரியும்.

கோயமுத்தூர்ல இருந்து என்ற மாஸ்டர் ஒரு தடவை வந்து பாத்தாரு. பாத்துட்டு, "சென்னியப்பா, இப்பிடி ஒரு ஆளு யாருக்கும் கிடைக்காதுய்யா"ன்னு சொல்லிட்டு வசந்தாமணியைப் பாத்துக் கும்பிட்டாரு. நான் செஞ்சதைப் பத்தி ஒண்ணும் சொல்லல. அவருக்கு நேர்ல பாராட்டற பழக்கம் கிடையாதுங்க.

நீங்க கேக்கறது நியாயமான கேள்விதான். கீழ தள்ளிட்டா என்ன பண்றது? இதையேதான் கிளாஸ்ல ஒரு பொண்ணும் கேட்டா. போலீஸ் வேலைக்குப் பரிச்சை எழுதற பொண்ணு. "மாஸ்டர், கீழ தள்ளி மேல ஏறி உக்காந்துட்டான்னா இதுல என்ன வழி?"ன்னா. நான் சொன்னேன், நம்ம கலையில கீழ போறதே எந்திரிக்கறதுக்குத்தான், கெடக்கறதுக்கு இல்ல. அவ உடறதா இல்ல. "உருள எடமில்லைன்னா?"ன்னா. அந்த நிலைமைக்கே போகாமப் பாத்துக்கறதுதான் கலைன்னேன். அந்தப் பொண்ணு என்னைப் பாக்காம வசந்தாமணியைப் பாத்துச்சு. வசந்தாமணி தலைமுடியை அவுத்துக் கட்டிக்கிட்டு இருந்தா.

திருச்செங்கோடு வந்துருச்சு பாருங்க. இங்க கொஞ்ச நேரம் போட்டுருவான். டீ ஏதாச்சும் குடிக்கறீங்களா? எனக்கு வேண்டாமுங்க. குடிச்சாலும் ஒண்ணுதான், குடிக்காட்டியும் ஒண்ணுதான். ருசியே தெரியறதில்ல இப்ப.

இந்த ஊர்லதாங்க நடந்தது. அந்தப் பக்கம் ஒரு மண்டபம் இருக்குது. வசந்தாமணிக்குப் பெரியப்பா பையன், அர்த்தனாரின்னு, போர்வெல் வண்டி வெச்சிருக்கான். அவன் பொண்ணுக்குக் காதுகுத்து. வண்டியோட ஆந்திரா, சத்தீஸ்கர்னு மாசக்கணக்காச் சுத்திட்டு வர்றவன். இரும்புக் கொழாயைத் தூக்கித் தூக்கிக் கை ரெண்டும் உலக்கை மாதிரி இருக்கும். அன்னிக்கு லேசாப் போட்டுட்டும் இருந்தான். பந்தியில எனக்கு எதிர்த்தாப்புல வந்து நின்னுக்கிட்டு, "மாப்ள, உங்க டான்ஸைக் கொஞ்சம் ஆடிக் காட்டுங்க, ஒறம்பரைச் சனமெல்லாம் பாக்கட்டும்"னான். நான் சிரிச்சுட்டு உட்டுட்டேன். உடல அவன். "எங்க வசந்தாமணியைத் தள்ளித் தள்ளி உட்டுத்தான் மாஸ்டர் ஆனீங்களாமா"ன்னான். பக்கத்துல நாலு பேரு சிரிச்சாங்க.

நான் கோவப்படலீங்க. கோவப்படக்கூடாதுன்னு நானே சொல்லிக் குடுக்கறேன். எந்திரிச்சுக் கையைக் கழுவிட்டு வந்தேன், மணிக்கட்டை நீட்டினேன், பிடி மச்சான்னேன். பிடிச்சான். பிடின்னா அப்பிடி ஒரு பிடி. நான் திருப்பினேன். ஒழுங்கா விழத் தெரிஞ்சவனா இருந்தா அந்த எடத்துல விழோணும். இவனுக்குத் தெரியல, நின்னுட்டான். அப்ப வலி பூராவும் மணிக்கட்டுக்குத்தான போகும்? ஐயோன்னு கத்திட்டான். அதுக்கும் எல்லாரும் சிரிச்சாங்க. பொண்ணுக்குக் காதுகுத்தற அன்னிக்கு, சொந்தக்காரங்க முன்னாடி, அப்பன்காரன் கத்திட்டான். அவன் மூஞ்சி மாறிப்போச்சு.

தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்து என்ற இடுப்பைக் கட்டினான். ரெண்டு பேரும் விழுந்தோம். பந்தி மேசை இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. நடுவுல நாங்க. உருளலாம்னு பாத்தேன், தோள் மேசைக்கால்ல இடிக்குது. கீழ பூராவும் ரசம் கொட்டி வழுவழுன்னு இருக்குது. ஏறி நெஞ்சு மேல உக்காந்துட்டான். அடிச்சான்னு நெனைக்காதீங்க, அடிக்கவே இல்ல. முழங்கையை என் கழுத்துல குறுக்க வெச்சுட்டுச் சும்மா உக்காந்துட்டான். அவன் மணிக்கட்டைத் தேடிப் பிடிச்சேன். திருப்பினேன். எத்தனையோ பேருக்குப் பண்ணின பிடிதான். ஒண்ணும் ஆகல. அவன் என் மேல வரவும் இல்ல, என்னை உட்டுப் போகவும் இல்ல. வந்தாத்தான அந்த வேகத்தை எடுக்க முடியும்? உக்காந்துக்கிட்டு இருக்கறவன்கிட்ட இருந்து என்னத்தை எடுக்கறது?

மூச்சு முட்டுச்சு. தட்டினேன்.

தரையில கையால பட்டுப் பட்டுன்னு தட்டினேன். யாருக்குத் தெரியும் அதுக்கு என்ன அர்த்தம்னு? கையை ஓங்கத் தெம்பில்லாமத் தரையை அடிக்கறேன்னு நெனைச்சிருப்பாங்க. ஒருத்தன் விசிலடிச்சான். அந்த மண்டபத்துல அதுக்கு அர்த்தம் தெரிஞ்சவ ஒருத்திதான். பந்தியில மோர் ஊத்திக்கிட்டு இருந்தா. நான் கெடந்த எடத்துல இருந்து அவ நல்லாத் தெரிஞ்சா. என்னைப் பாத்தா. என்ற கையைப் பாத்தா. மோர் வாளியைக் கீழ வெச்சா. கரண்டி சாஞ்சிருந்துச்சு, அதை நிமித்தி வெச்சா. முந்தானையில கையைத் தொடைச்சா. தொடைச்சுக்கிட்டே நின்னா. அப்பறந்தான் வந்து, "அண்ணா, போதும், உடு"ன்னா. அவன் உட்டுட்டான்.

அவ அப்பிடித்தாங்க. எந்தக் காரியத்துலயும் பதட்டப்பட மாட்டா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அப்பிடித்தான்.

எனக்கு அவமானமா இருந்திருக்கும்னு நெனைப்பீங்க. இல்லீங்க. ஒண்ணுமே இல்ல. சட்டையில இருந்த ரசத்தைத் தண்ணி தெளிச்சுத் தொடைச்சுட்டு அதே எடத்துல உக்காந்து சாப்பிட்டேன். அர்த்தனாரியே வந்து பாயசம் வெச்சான். குடிச்சேன். இனிப்பா இருந்துச்சா, உப்பா இருந்துச்சான்னு கேட்டா எனக்குத் தெரியாது. அன்னிக்கு மரத்துப்போனதுதான். கையைக் கிள்ளினா வலி தெரியுது, ஆனா அது என்ற கையின்னு தோணறதில்ல.

வண்டியில திரும்பி வர்றோம். பள்ளிபாளையம் பாலத்து மேல வர்றப்ப பின்னாடி இருந்து வசந்தாமணி கேக்கறா, "ஏனுங்க, நான் தட்டினா நீங்க எவ்வளவு நேரங் கழிச்சு உடுவீங்க?"

இது என்ன கேள்வின்னு உங்களுக்குப் புரியாது, சொல்றேன். மத்தவங்க தட்டினா ஒடனே உட்டுருவேன். அது சட்டம். வசந்தாமணி நம்ம ஆளு. அவளைப் பிடிச்சு வெச்சுக்கிட்டுத்தான் பசங்களுக்கு வெளக்கோணும். இங்க பாருங்கப்பா, முட்டி எங்க இருக்குது, தோள் எங்க இருக்குது, நான் எங்க ஒக்காந்திருக்கேன்னு. அவ தட்டினதும் உட்டுட்டா எதைக் காட்டி வெளக்கறது? அவ தட்டுவா, நான் சொல்லிக்கிட்டே இருப்பேன், சொல்லி முடிச்சதும் உட்டுருவேன். ஒரு நாளும் அவ முணுமுணுத்ததில்ல. நான் வண்டியை ஓட்டிக்கிட்டே சொன்னேன், அது பயிற்சி, இது சண்டை, ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காதேன்னு. "செரிங்க"ன்னா. முந்தானையை இழுத்துக் காதைச் சுத்திக் கட்டிக்கிட்டா. காத்துச் சத்தம் வேற.

அதுக்கப்பறம் என்ற ரோசனையெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான். அந்த எடத்துல என்ன பண்ணியிருக்கோணும்? கலையில இல்லாமப் போகாது, நமக்குத்தான் தெரியலைன்னு. மாஸ்டருக்குப் போன் பண்ணினேன். "காதுகுத்துக்குப் போன எடத்துல உனக்கு எதுக்குய்யா சண்டை"ன்னு வெச்சுட்டாரு. ஸ்கூல்ல லேப்ல ஒக்காந்துக்கிட்டு மேசை மேல கையை வெச்சு வெச்சுப் பாப்பேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுட்டு, கட்டிலை நவுத்திப் போட்டு, தரையில மல்லாந்து படுத்துக்கிட்டு, வசந்தாமணி, நீ அர்த்தனாரி மாதிரி ஏறி உக்காருன்னேன்.

"வேண்டாமுங்க"ன்னா. வான்னேன். பாத்திரத்தைக் கழுவிக் கவுத்திட்டு வந்தா. சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு நெஞ்சு மேல உக்காந்தா. முழங்கையை இப்பிடிக் குறுக்க வையின்னேன், வெச்சா.

அவ எடை என்னன்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாதுங்க. நெசமாத்தான் சொல்றேன். விழறப்ப எடை தெரியாதில்லீங்களா.

மணிக்கட்டைப் பிடிச்சுத் திருப்பினேன். அசையல. இடுப்பைத் தூக்கிப் பாத்தேன். அசையல. கொஞ்சம் எசைஞ்சு குடு வசந்தாமணின்னேன். "அர்த்தனாரி அண்ணன் எசைஞ்சு குடுத்தானுங்களா?"ன்னா. சண்டைக்குக் கேக்கற மாதிரி இல்லீங்க, கடையில வெலை கேக்கற மாதிரி சாதாரணமாக் கேட்டா. அதுவும் சரிதான்னு மறுபடியும் பாத்தேன். அவ என்னைப் பாக்கல, சன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. நான் என்னென்னவோ பண்ணினேன். வேர்த்துக் கொட்டுது. கடைசியில மூச்சு வாங்கி, தட்டினேன்.

கை தரையில படறதுக்குள்ள எந்திரிச்சுட்டா. அப்பிடி ஒரு வேகம். எனக்குச் சங்கடமாப் போச்சு. இன்னும் கொஞ்சம் உக்காந்திருந்தா வழி தெரிஞ்சிருக்கும், அதுக்குள்ள நீ எதுக்கு எந்திரிச்சேன்னு கேட்டேன்.

"தட்டினீங்கல்ல"ன்னா.

நின்னு என்னைப் பாத்தா. நான் கீழ கெடக்கறேன், அவ மேல நிக்கறா. "இவ்வளவுதானுங்களா?"ன்னா. இன்னிக்கு இவ்வளவுதான், நாளைக்கு மறுபடியும் பாக்கலாம்னேன். சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தா. மறுநாள் காலையில, "அக்காளுக்கு முட்டி ஆபரேசன், போய் இருந்துட்டு வர்றேன்"னு கெளம்பிட்டா. வாஸ்தவம்தான், ஆபரேசன் நடந்துச்சு. ஆனா அவங்க அக்கா இப்ப நடந்து கோயிலுக்கே போறாங்களாமா. இவ இன்னும் வரல.

வண்டி எடுத்துட்டான் பாருங்க. அந்த சன்னலைக் கொஞ்சம் சாத்துங்க, தூறல் அடிக்குது.

கிளாஸா? கிளாஸ் நின்னுபோச்சுங்க. யாரும் நிறுத்தல, தானா நின்னுருச்சு. அவ போனதுக்கப்பறம் அந்தப் போலீஸ் பொண்ணை முன்னாடி கூப்பிட்டு, நீ வந்து பிடின்னேன். பிடிச்சா. திருப்பினேன். நின்னுக்கிட்டே இருக்கா. மறுபடியும் திருப்பினேன். "சாரி மாஸ்டர், எனக்கு ஒண்ணும் இழுக்கவே இல்ல"ன்னா. பாவம், அவ கண்ணுல தண்ணி வந்துருச்சு. நான் திட்டல. விழறதுக்குப் பழக்கம் பத்தாதுன்னு சொன்னேன். அடுத்த வாரம் நெறையப் பேரு வரல, அதுக்கடுத்த வாரம் நானே பாயைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டிட்டேன். கட்டறப்ப வெசனமா இருக்கும், அழுகை வரும்னு பாத்தேன். இல்ல. குப்பையைக் கட்டற மாதிரிதான் இருந்துச்சு.

வீட்டுல நானேதான் சோறாக்கிக்கறேன். ஆக்கினதை உக்காந்து பாத்துக்கிட்டு இருப்பேன். பல்லு வெளக்கினேனா இல்லையான்னு மறந்துபோயிரும், மறுபடியும் வெளக்குவேன். எனக்கு வேற எதுவும் வேண்டாமுங்க. கிளாஸ் போனாப் போகுது. அவ வரோணும். அவ வந்துட்டா இந்த மரத்துப்போனது சரியாப் போயிரும்னு தோணுது. அவ இல்லாம என்னால முடியலீங்க, அதுதான் உண்மை. அவகிட்ட இதைச் சொன்னீங்களான்னு கேக்காதீங்க. எங்க ஊட்டுப் பக்கம் அப்பிடியெல்லாம் சொல்லிக்கற வழக்கம் கிடையாது.

நேத்து போன் பண்ணினேன். வர்றேன்னேன். "வாங்க, சாப்பிட்டுட்டுப் போங்க"ன்னா. அப்பறம், "அந்த வெள்ளைத் துணியை எடுத்துட்டு வராதீங்க"ன்னா. அது சும்மா சொல்றது. அவ துணி மேல அவளுக்கு எவ்வளவு ஆசைன்னு எனக்குத் தெரியாதா? அதான் துவைச்சு, நீலம் போட்டு, இஸ்திரி போட்டுக் கொண்டு போறேன். கையில குடுத்தா வாங்காமயா இருப்பா?

ஏனுங்க, ஒண்ணு பண்ணுவமா? தப்பா நெனைச்சுக்காதீங்க. என் மணிக்கட்டைக் கொஞ்சம் பிடிங்களேன். வலிக்காது, சும்மா. வசந்தாமணி கையில பண்றதுக்கு முந்தி ஒருக்காப் பாத்துக்கலாம்னுதான். ஆமா, அப்பிடித்தான். இறுக்கியே பிடிங்க. நல்லாப் பிடிக்கறீங்க, தறி வேலைங்களா? இப்பப் பாருங்க. நான் இழுக்கல. உங்க கூடவே வர்றேன். இப்பிடி. வருதுங்களா?

வரல. இருங்க, எடம் பத்தல. இந்தக் கம்பி வேற குறுக்க நிக்குது. மறுபடியும் பிடிங்க. இந்தத் தடவை கொஞ்சம் தளர்த்திப் பிடிங்க. தோளை இறுக்கமா வெக்காதீங்க. நான் இப்பிடித் திருப்பறப்ப… ஆங். ஆங், அதுதான். பாத்தீங்களா? சன்னல் வரைக்கும் சாஞ்சுட்டீங்க. வேலை செய்யுதுங்க. எனக்குத் தெரியும், கலை எங்கயும் போகாது.

அட, நீங்க எதுக்கு என்னை அப்பிடிப் பாக்கறீங்க?

ஏனுங்க. ஒண்ணு கேக்கறேன். நான் திருப்பினதுல சாஞ்சீங்களா, இல்ல நீங்களாச் சாஞ்சீங்களா?

சிரிக்கறீங்க. வசந்தாமணியும் விழுந்து எந்திரிக்கறப்ப இப்பிடித்தான் சிரிப்பா, பல்லு தெரியாம.

இதை நான் அவகிட்ட ஒரு நாளும் கேட்டதில்லீங்க. இத்தனை வருசத்துல ஒரு நாளும். இப்பப் போயிக் கேட்டா வருவாளா? கேக்காம இருந்தா வருவாளா? கேட்டு, அவ ஆமா, நானாத்தான் விழுந்தேன்னு சொல்லிட்டா, அப்பறம் நான் எதுக்கு அவளைக் கூப்பிடறது?

வையப்பமலை வந்துருச்சு. எந்திரிங்க, எந்திரிங்க, இந்தாங்க உங்க பை. கண்டக்டர் சத்தம் போடறதுக்குள்ள எறங்குங்க. இல்லீங்க, நின்னு சொல்லவேண்டாம், நீங்க போங்க. நான் கேட்டதுக்குப் பதில் ஒண்ணும் வேண்டாமுங்க.